“வாயில என்னென்ன போட்டீக?”

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே டாக்டர் சேவுகன் கேட்டுவிடுகிறார்: “விடிஞ்சதுல இருந்து வாயில என்னென்ன போட்டீக?”

“ஒண்ணும் போடலையே.”

“வெத்தலை?”

“அதையுமா கேப்பீக?”

“அதைத்தான் கேக்குறேன்.”

கால் சுளுக்கி வந்தவருக்கும் இதே கேள்விதான். திருப்பத்தூர்ச் சந்தை நாளில் அவர் வாசலில் ஐம்பது பேராவது நிற்பார்கள். “வயித்தியரா, சமையக்காரரா?” என்று பின்வரிசை முணுமுணுக்கும். அவர் காதில் விழும், அசையமாட்டார்.

போன மாசியில் கண்டரமாணிக்கத்திலிருந்து சோலையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். மெய்யம்மை ஆச்சி வீட்டில் சமைப்பவள். இரண்டு வருஷமாகக் கீழுதடு வீங்கி வெடித்திருந்தது. கன்னத்தின் உட்புறமெல்லாம் புண். குஷ்டம் என்று ஊரில் பேச்சு. இல்லையென்று டாக்டர் சொன்னால்தான் இனி அடுப்படி என்று ஆச்சி சொல்லிவிட்டாள். கூடவே வந்தும் இருந்தாள்.

“நான் வச்ச குழம்பைத்தான் ஊரே சாப்புட்டுச்சு. இப்ப நான் தொட்ட கரண்டியைக் கழுவுறாக” என்றாள் சோலையம்மாள்.

அவள் கண்ணை மூடச் சொல்லி, உதட்டையும் புருவத்தையும் பஞ்சால் தொட்டார் சேவுகன். ஒவ்வொரு தொடலையும் சரியாகச் சொன்னாள்.

“உணர்ச்சி நல்லா இருக்கு. குஷ்டம் இல்லை.”

“அப்ப என்ன நோவு?” என்றாள் ஆச்சி.

“பேரு தெரியலை ஆச்சி. முப்பது வருஷத்துல இது ரெண்டாவது.”

அடுத்து வழக்கமான கேள்வி. புண்ணுக்கு மருந்தென்று பட்டையும் கிராம்பும் இடித்துப் பல்லுப்பொடியாக இரண்டு வேளையும் தேய்த்திருக்கிறாள். புண் கூடக் கூடப் பட்டையைக் கூட்டியிருக்கிறாள்.

“பட்டையை விடணும். பல்லுப்பொடியிலயும் குழம்புலயும்.”

“பட்டை இல்லாம என்ன குழம்பு?”

“உங்களுக்குப் போடட்டும். ருசி மட்டும் நீங்க பாருங்க ஆச்சி.”

பங்குனியில் வந்தபோது புண் ஆறி, வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஒரு துண்டு பட்டையை வாயில் போட்டு மெல்லக் கொடுத்துப் பார்த்தார். மறுநாளே உதடு தடித்து ஆச்சியோடு திரும்பி வந்தாள்.

“இதுதான் கிளப்பி விடுது. முழுசாப் போகாது ஆத்தா, விலக்கி வச்சா அடங்கிக் கிடக்கும்” என்று மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார்.

“ஒட்டாதுன்னு எப்படி நம்புறது?” என்றாள் ஆச்சி. வாசல் கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது.

தடித்த உதட்டோடு அண்ணாந்து குடிக்க முடியாமல் டம்ளரில் வாய் வைத்துவிட்ட சோலையம்மாள், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். சேவுகன் கை நீட்டி வாங்கினார். மிச்சத் தண்ணீரை, அவள் உதடு பட்ட இடத்திலேயே தன் உதட்டை வைத்துக் குடித்தார்.