அக்குறணை வரை வந்த உணர்ச்சி

யட்டவத்தையில் மிளகு வாங்கி விற்கும் ஸக்கரியாவுக்கு வலக்கைதான் மூலதனம். சாக்குக்குள் கையை விட்டால் போதும், எத்தனை வெயில் கண்ட மிளகென்று சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லாமல் என்ன! இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் அடித்தது. நடையும் பேச்சும் திரும்பின. வலக்கையும் அசைந்தது, ஆனால் எதைத் தொட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. இடக்கையோ மிளகு பழகாத கை.

கண்டியில் ஒரு டொக்டர் அம்மா ஆராய்ச்சிக்கு ஆள் தேடினார். கத்தியில்லை, ஊசியில்லை. தலையோரம் காந்தச் சுருள் ஒன்றைப் பிடிப்பார்கள். அது டக்டக்கென்று அடிக்க, தொடுகையை அறியும் மூளைப்பகுதி கொஞ்சம் உசும்பும். நிலைக்கும் என்று வாக்குத் தரமுடியாது என முதலிலேயே சொல்லிவிட்டார். மொத்தம் பத்து நாள்.

ஸக்கரியாவும் சேர்ந்தார். ஒவ்வொரு நாளும் அதை முடித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினால், அடடா, அது வேறு உலகம்! காய்ந்த கம்பி ஈரமாய்த் தெரிந்தது. டிக்கட் பட்டாய் வழுக்கியது. ஜன்னல் காற்று ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டு போனது. பையிலிருந்த நாலு மிளகை உருட்டியபடி, கண்ணை மூடி, கனவில் மிதப்பவர்போல வருவார். வழியில் அக்குறணை வந்ததும் எல்லாம் அணைந்துவிடும்.

பத்தாம் நாள் மனைவி நூருன்னிஸாவும் கூட வந்தாள். இன்றும் உணர்ச்சி நிலைக்காவிட்டால் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான்; இருவருக்கும் அது தெரியும். கட்டுகஸ்தோட்டையில் பஸ் குலுங்கியபோது, சட்டென்று வலக்கையால் அவள் கையைப் பிடித்தார்.

"மெசின் இன்னைக்குப் பிழையாக் காட்டுது, நூரு. ஒன்ட கை மரப்பட்டை மாதிரி சொரசொரண்டு இருக்கு."

"மெசின் சரியாத்தான் காட்டுது. ரெண்டு வருஷமா மிளகு உதுத்துறது யாரு? சாக்கு தூக்குறது யாரு?"

யா அல்லாஹ்! அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்குத் தெரியலியே புள்ள. கைதான் செத்துக் கெடந்திச்சே."

"மத்தக் கை நல்லாத்தானே இருந்திச்சு?"

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. அக்குறணைக் கடைகள் வந்தன. வலக்கை மெல்ல மெல்ல அணைந்தது. இனி மிளகு இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

"எழும்பு நூரு, இந்தப் பக்கம் வா" என்று இடம் மாறி, அவள் உள்ளங்கையை இடக்கையால் பிடித்தார். அதிலும் அப்படியேதான் சொரசொரத்தது.