புழு எருவை முகர்ந்தே தரம் சொன்ன பிலோமினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை எரு சலித்துக்கொண்டிருந்தபோது அருள் போன் செய்தான். பிலோமினா அக்காவின் தம்பி. "அண்ணா, அக்கா போயிட்டா. கடைசியில மூச்சே விட முடியல" என்றான். சல்லடையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது. சாகிற வயசா அது?

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூர் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு என்னோடு கூட்டுச் சேர்ந்து வைட்ஃபீல்டில் ஒரு ஷெட் எடுத்தார். அடுக்குமாடிகளின் சமையல் கழிவைக் கறுப்பு ஈயின் புழுக்களுக்குப் போடுவோம். அவை தின்று கழித்ததையும் உரித்த தோலையும் ஆறவைத்துச் சலித்தால் பூச்செடிகளுக்கு அருமையான எரு. ஆறாமல் போட்டால் வேர் வெந்துவிடும். ஆறியதா என்பதை அக்கா மூக்கால்தான் சொல்வார். ஒவ்வொரு குவியலிலும் ஒரு கை அள்ளி, முகத்தருகே கொண்டுபோய் ஆழமாக இழுப்பார். "இன்னும் காரமா இருக்கு. பத்து நாள் கெடக்கட்டும்" என்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். "மூக்க மூடிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று ஆணியில் மாட்டிவிட்டார்.

எதிர்க் குடியிருப்பிலிருந்து நாற்றம் என்று புகார் வந்தது. அவர்கள் சங்கச் செயலாளர் நேரில் வந்து, "ஜன்னல மூடுங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க" என்று கத்தினார். மறுநாளே தார்ப்பாய் வாங்கி எல்லா ஜன்னல்களையும் அடைத்தேன். என் கையால்தான் அடைத்தேன். அதன்பிறகு சலிக்கிற தூசி வெளியே போகவில்லை. சில வாரங்களில் அக்கா இரும ஆரம்பித்தார். பெங்களூர்க் குளிர் என்றோம்.

அந்த நாட்களில்தான் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து எரு வாங்கும் ஒருவர் ஷெட்டுக்கே வந்தார். "பூ விடுற சமயத்துல போட்டேன், இலையெல்லாம் கருகுது" என்று ஒரு கவரிலிருந்து மண்ணையும் இலையையும் கொட்டினார். விரல் விரலாகப் பிரிந்த இலை. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"கஞ்சாதானே?"

அவர் இலையை அவசரமாகத் திரும்பக் கவருக்குள் அள்ளினார்.

"எங்க வளக்கிறீங்க?"

"ரூம்லதான் மேடம். ஃபுல்லா மூடி வச்சிருக்கேன். வெளியில வாசனையே வராது."

"இனிமே உங்களுக்கு எரு கிடையாது. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. மூடின ரூம்ல இந்த எருத் தூசி நெஞ்சுல போய் உக்காந்துக்கும். பூவுல படிஞ்சா, அதப் புகைக்கிறவன் நெஞ்சுக்கும் போகும். போலீஸ் வர்றதுக்கு முன்னாடி இது வந்துடும்."

அவர் போனதும் அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பற்றியபடி நின்றார். "ஊருக்குத்தான் உபதேசமா அக்கா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்தார். பாவி, நானும் சிரித்தேன். நாங்கள் நின்றிருந்ததும் மூடிய அறைதான். அது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

பிறகு மருத்துவர் சொன்னார், தூசியால் நுரையீரல் தடித்துவிட்டது, இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று. அக்கா பதினைந்து நாள் வீட்டில் இருந்தார். அதற்குள் நான் அனுப்பிய எருவில் ஒருவருடைய ரோஜாத் தோட்டம் கருகியது. கேள்விப்பட்டதும் திரும்பி வந்துவிட்டார். "முருகேசு, உன் மூக்கு வெறும் அலங்காரம்டா" என்றபடி ஒரு கை அள்ளி முகர்ந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கல்லறைத் தோட்டத்தில் நேற்று என் முறை வந்தது. ஒரு பிடி மண் அள்ளிக் குழியில் போட்டேன். புழுதி கிளம்பியது. இரும ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் குனிந்துவிட்டேன். அருள் என் தோளைப் பிடித்தான்.

"எத்தன நாளாண்ணா?"

"ரெண்டு மாசமா."

அக்காவுக்கும் தெரியாது அது. உங்களிடம் அன்றே சொல்லியிருந்தால், அக்கா, அன்றே ஷெட்டை இழுத்து மூடியிருப்பீர்கள். உங்களுக்காக அல்ல, எனக்காக. தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன். மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள்.