ஜீவராஜ் அண்ணனை அடிக்க மழை வேணும்

வானத்துல மின்னல் வெட்டுறதுக்கு முன்னால, தலவாக்கலை பஜாருக்கு ஆளனுப்பி ஜீவராஜ் அண்ணன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் வெட்டும். எந்தப் பக்கம் வெட்டப் போகுதுன்னு எப்படியும் அவருக்கு முன்னாடியே தெரியும். ஜப்பான்காரன் சண்டை கேம் கண்டுபிடிச்சதே இவரைத் தோக்கடிக்க உலகத்துல ஒரு ஆள் கிடைக்குமான்னு பார்க்கத்தான். எட்டாவதோட நின்னவன் சொல்றான்னு நம்பாம இருக்க வேணாம். ஒன்பதாவதுலயும் கொஞ்ச நாள் உக்காந்திருக்கேன்.

அண்ணன் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவர். அப்பா இல்லை. அம்மா பரிமளம் கொழுந்து எடுக்கிறாங்க. பஜார் கடையில உருளைக்கிழங்கு மூட்டை தூக்க வந்தவரை, பின்னால இருக்கிற தகரக் கூரை அறையில டீவியும் பிளேஸ்டேஷனும் வச்சப்போ அதுக்குக் காவலா முதலாளி உக்கார வச்சார். துணைக்கு ஆள் இல்லாம வர்றவனுக்கு அண்ணன்தான் எதிராளி.

அவர் செட்டு மொத்தமும் கொழும்புக்கு வேலைக்குப் போயிருச்சு. தீபாவளிக்கு வந்து அறையை நிறைப்பாங்க, அப்புறம் கால்ல புதுச் சப்பாத்தோட ஸ்டேஷனுக்குப் போய்க் கொழும்புக் கோச்சி ஏறிருவாங்க. ஆள் வராத ஒரு நாள் நான் பூனை மாதிரி எட்டிப் பார்த்தேன். ரெண்டு கன்ட்ரோலரையும் மடியில வச்சு, ஒரு கைக்கு ஒண்ணா, தன்னோட தானே ஆடிக்கிட்டிருந்தார்.

"யாருண்ணே ஜெயிக்கிறது?"

"இவன் என்ன செய்வான்னு அவனுக்குத் தெரியுது, அவன் என்ன செய்வான்னு இவனுக்குத் தெரியுது. ஒரு பயலும் கிட்ட வரமாட்டேங்கிறான்டா."

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

ஞாயித்துக்கிழமையானா பரிமளம் பெரியம்மா வந்து நிப்பாங்க. தங்கச்சி மகன் கொழும்புக் கடையில இவருக்கு இடம் பேசி வச்சிருக்கான், கிளம்புடான்னு. அண்ணன் தப்பிக்கிறதுக்காக, "இங்க ஒருத்தன் என்னைய அடிக்கட்டும், மறுநாளே போறேன்"னு ஒரு தடவை சொல்லிட்டார். பெரியம்மா லேசுப்பட்டவங்களா? மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய், கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ண வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எங்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுக்கிட்டு வருவாங்க.

"நல்லாச் சாப்பிட்டு இவனை அடிங்கடா. தாய் நானே சொல்றேன்."

"அடி விழ மாட்டேங்குதே பெரியம்மா."

"அப்ப ரொட்டிய வைடா கீழ."

ஏன் விழலைன்னு சொல்றேன். சண்டையில முக்கியமான நேரம், ரெண்டு பேரும் அடி எட்டாத தூரத்துல நின்னு முன்ன ஒரு எட்டு, பின்ன ஒரு எட்டு வைக்கிற நேரம்தான். எதிராளி குதிச்சு வந்தா கண்ணால பார்த்தே தட்டி விட்டுரலாம், அது மெதுவா வர்ற அடி. கீழ விடுற உதை அப்படி இல்லை, பார்த்துட்டுத் தடுக்கலாம்னா அதுக்குள்ள பட்டிருக்கும். அதை முன்கூட்டியே நினைச்சுத் தடுக்கணும். நினைப்பையே நம்பினா குதிக்கிறவன்கிட்ட மாட்டுவ, கண்ணையே நம்பினா உதை வாங்குவ. எவ்வளவு நினைப்பு, எவ்வளவு கண்ணுங்கிற அளவு எங்களுக்கெல்லாம் கறிக்கு உப்புப் போடத் தெரியாதவன் கை மாதிரி. அண்ணனுக்கு மட்டும் ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதுல ஒரு களவாணித்தனம் இருக்குன்னு கண்டுபிடிச்சது நான்தான். அவர் எங்க பட்டன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தார். உதைக்கப் போறவன் பட்டனை முன்னாடியே லேசாத் தடவுவான், அந்தச் சத்தம் போதும் அவருக்கு. அப்போ காதை அடைக்கணும். அதுக்குத் தலவாக்கலையில செலவே இல்லை. தகரக் கூரையில மழை விழுந்தா பக்கத்துல பேசுறதே கேட்காது.

ஆனி மாசம் ஒரு நல்ல மழையில போய் உக்காந்தேன். நான் ஒருத்தன்தான் வந்திருந்தேன். முதல் ஆட்டம் எனக்கு, ரெண்டாவது அவருக்கு. மூணாவதுல என் உதை ஒண்ணொண்ணா உள்ள போகுது. அவர் பொறுக்க முடியாமக் குதிக்கிறார், நான் பார்த்துப் பார்த்துத் தட்டி விடுறேன். ரெண்டு பேர்ல யாருக்கு இன்னும் ஒரே ஒரு அடி பட்டாலும் அவன் காலி. நாளைக்குப் பெரியம்மா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடப்போறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் கோச்சி ஞாபகம் வந்துச்சு. இந்த அறையில நானும் மடியில ரெண்டு கன்ட்ரோலருமா இருக்கிறது ஞாபகம் வந்துச்சு.

அண்ணன் குதிச்சார். அன்னைக்கு அவர் குதிச்சதுலயே அதுதான் மந்தமான குதி. ரொட்டி தின்னுக்கிட்டே தட்டி விடலாம். நான் தட்டலை.

"ச்சே, நீங்கதாண்ணே ஜெயிச்சீங்க," மழைக்கு மேல கத்தினேன்.

அவர் கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு என் காதுகிட்ட வந்தார்.

"பார்த்த இல்ல?"

"எதை?"

"நான் குதிச்சதை."

"மழையில ஒண்ணும் தெரியலண்ணே."

"மழை கூரைக்கு மேல பெய்யுது. இருட்டுனதுல டீவிக் கண்ணாடியில உன் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுச்சு. கண்ணு மேல போச்சு, நான் இறங்குற வரைக்கும் கூடவே வந்துச்சு. கை மட்டும் வரல."

நான் வயரைச் சுத்த ஆரம்பிச்சேன்.

"நாளைக்கு அம்மாகிட்டத் தோத்துட்டேன்னு சொல்லப் போறேன்."

"அதான் நான் தோத்தேனே. கற்பூரத்துல அடிச்சுட்டு மாத்திப் பேசுவீங்களா?"

"கற்பூரத்துல அடிச்சதாலதான் சொல்றேன். நான் போயிட்டா யாரோட ஆடுறதுன்னு நினைச்ச, அதான?"

வயர் முடிச்சு விழுந்திருச்சு. குனிஞ்சு அதைப் பிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

"முடிச்செல்லாம் ஒண்ணும் இல்லடா அதுல"ன்னார். "மூஞ்சியத் தூக்கு."