வரிச்சட்டைப் படை

பகல் முழுக்கப் பல்லுக்கு நிறம் பூசுவது என் பிழைப்பு. கோயமுத்தூர் கணபதியில் ஒரு பல் லேபில் வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் செராமிக்கில் பல் செய்து, மெல்லிய பிரஷ்ஷால் நிறம் ஏற்றி, சூளையில் சுட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளைதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அந்த வெள்ளைக்குள் எவ்வளவு மஞ்சளும் சாம்பலும் கிடக்கிறது என்று சொல்லி மாளாது என்பதால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். போதாததற்கு எல்லா டாக்டருக்கும் எல்லாப் பல்லும் நாளைக்குக் காலையிலேயே வேண்டும். நாளை மறுநாள் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் கழுத்து மரத்துப்போய், கண் எரிய, நெரிசலில் ஊர்ந்து பீளமேட்டில் வீடு சேருவேன். காப்பி குடிப்பேன். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, அதே கழுத்தை அதே கோணத்தில் வளைத்து, ஓர் அங்குல உயரச் சிப்பாய்க்குச் சட்டைப் பொத்தான் வைப்பேன். "பல்லு பத்தலைன்னு பொம்மையுங்களா?" என்று ஆரம்பத்தில் என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை. அவளுக்கும் அலுத்துவிட்டது.

எனக்கு அலுப்பில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இது வேறு அலுப்பு. பல்லில் என் கை பட்டிருப்பது யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம். சிப்பாய் அப்படியில்லை. முதலில் கறுப்பு அடித்து, அதன்மேல் சிவப்புச் சட்டை, வெள்ளைக் குறுக்குப்பட்டை. நீர்த்த பழுப்பு மையை மேலே விட்டால் அது தானாக ஓடி மடிப்புகளில் போய்த் தங்கிக்கொள்ளும். அதுவரை பிளாஸ்டிக்காக இருந்த சட்டை துணியாகிவிடும். கடைசியில் கண். ஊசிமுனையால் ஒரு புள்ளி. வைத்ததும் அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். எத்தனை சிப்பாய் ஆனாலும் அந்த இடத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பூசிப் பூசி அலமாரியில் நிறுத்தி என்ன செய்வது? சண்டை போட எதிரே ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஒரே ஓர் ஆள்தான் வாய்த்தார்.

அவர் கணபதியிலேயே தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஒருமுறை மெஷின் கைப்பிடி எகிறி அவருடைய முன்பல் உடைந்துபோனது. முன்பல் என்றால் நிறம் பார்க்க ஆளையே லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பக்கத்துப் பல்லைப் பார்த்தேன். அதில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல், டீக்கறை இறங்கி மெல்லிய கோடாகத் தெரிந்தது. புதுப் பல்லிலும் அதே மாதிரி ஒரு விரிசலை வரைந்துவிட்டேன். எங்கள் தொழில் அப்படி. பக்கத்தில் இருப்பதில் என்ன குறை இருக்கிறதோ அதையும் சேர்த்துச் செய்தால்தான் பொய்ப்பல் பல்லாகத் தெரியும். பல்லை மாட்டியபின் காட்டுவதற்கென்றே திரும்பி வந்தார். "எது உங்களுதுங்க, எது என்னுதுங்க? எனக்கே தெரியலீங்க" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மேஜையில் காய்ந்துகொண்டிருந்த சிவப்புச் சட்டைக்காரனைப் பார்த்துவிட்டார். அதோடு பல்லை மறந்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராகப் பட்டறைக்கு வருவார். கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர் அவர். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காயில் கட்டும் நீள மேஜையில் பச்சைத் துணியை விரிப்போம். தேங்காய் நாரில் மரங்கள், தெர்மாகோலில் குன்று. எனக்கு வெள்ளைக்காரக் கும்பினிப் படை, அவருக்கு மைசூர்ப் படை. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் அவர்கள் இரண்டு பேர் கையிலும் மாறி மாறிப் போய்வந்தவைதானே. அந்தச் சண்டையை நாங்கள் இன்னும் விடவில்லை. டேப்பால் அளந்து சிப்பாய்களை நகர்த்துவோம், பகடை உருட்டிச் சுடுவோம், செத்தவனை ஓரமாகப் படுக்க வைப்போம். விளையாட்டு அவ்வளவுதான்.

சண்டையிலும் கோயமுத்தூர் மரியாதைக்குக் குறைவிருக்காது.

"உங்க பீரங்கிக்காரங்களை முடிச்சுபோட்டேனுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்பார்.

"பரவாயில்லீங்க. நானும் உங்க குதிரைங்களைப் பக்கவாட்டுல வந்து அடிக்கலாம்னு இருக்கேனுங்க" என்பேன்.

"தாராளமா வாங்க."

வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. ஆட்டத்தின் நடுவில் அவர் மனைவி டீ கொண்டுவருவார். "இன்னிக்கு யாருங்க செத்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவார்.

எங்களுக்குள் இரண்டு சட்டங்கள் உண்டு. வர்ணம் பூசாத சிப்பாய் மேஜையில் கால் வைக்கக் கூடாது. அவரவர் படைக்கு அவரவர்தான் பூச வேண்டும். இரண்டாவது சட்டம் அவர் போட்டது. "நாம பூசாதவனுக்குச் சாவு வந்தா வருத்தமே இருக்காதுங்க" என்பார். மைசூர்ச் சிப்பாய்க்கு ஊதாச் சட்டை, அதில் மேலிருந்து கீழாக வெள்ளை வரிகள். அவர் செப்புக் கம்பியை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் படுக்க வைத்துப் பழகியவர். அவர் போடும் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். பிரஷ் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

போன வருஷக் கடைசியில் அவர் புதிதாக ஒரு காலாட்படை வாங்கினார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டிலேயே த்ரீடி பிரிண்டரில் அச்சடித்துத் தருகிறார், அவரிடம் வாங்கியது. அதில் மூன்று நான்கு பேரை மட்டும் பூசிக் கொண்டுவந்தார். மற்றவர்கள் சாம்பல் நிறத்தில் பெட்டிக்குள்ளேயே கிடந்தார்கள். "பட்டறையில வேலை நெருக்குதுங்க" என்றார். பிறகு "கண்ணு புடிக்க மாட்டேங்குதுங்க" என்றார். மழை பிடித்தது. "ஈரத்துல பெயிண்ட் நிக்காதுங்க" என்றார். பூசிய அந்தச் சிலர் சட்டையிலும் கோடுகள் நெளிந்திருந்தன. பார்த்தேன். அவசரத்தில் போட்டிருக்கிறார், மனுஷனுக்கு ஆசை விட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன்.

ஆட்டத்திலும் ஒரு சுணக்கம். "அந்தக் கோடி எட்டலீங்க" என்று தன் சிப்பாய்களை என்னையே நகர்த்தச் சொன்னார். பகடையைக் கையால் உருட்டாமல் டம்ளரில் போட்டு இடது கையால் கவிழ்த்தார். கோயிலில் கீபோர்டையும் வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாரம் பூரா மாடாக உழைத்துவிட்டு இதற்காகத்தான் வருகிறேன், இவரும் இப்படிக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி என்று.

ஒரு ஞாயிறு, பாதி ஆட்டத்தில் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"போதுமுங்க. எம்பட படையையும் நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. உங்க அலமாரியில அழகா வெச்சுக்குங்க."

"ஏனுங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. சலிச்சுப்போச்சு."

வாரத்தில் அந்தச் சில மணி நேரம்தான் நான் யாருக்கும் எதையும் செய்து கொடுக்காமல் உட்கார்ந்திருப்பது. அதுவும் போனால் எனக்கு என்ன இருக்கிறது? இந்த வயதில் வேறு யாரிடம் போய், பொம்மைச் சண்டைக்கு வருகிறீர்களா என்று கேட்பது? வெளிப்படையாகவே சொல்கிறேன், பயந்துபோனேன்.

பூசாமல் கிடக்கும் அந்தப் பெட்டிதான் அவரை உறுத்துகிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். படை முழுசாக நின்றால் ஆசையும் திரும்பி வந்துவிடும். "பெட்டியை மட்டும் கொண்டுபோறேனுங்க, கறுப்புப் பிரைமர் அடிச்சுத் தாரேன்" என்றேன். மாதிரிக்கென்று அவர் கடைசியாகப் பூசியவர்களில் ஒருவனையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சட்டத்தை மீறத்தான் போகிறேன் என்று தெரியும். ஆனால் மீறியது தெரியாதபடி செய்துவிட்டால் அவர் மனசும் கோணாது என்று நம்பினேன். வேறொருவன் பூசியது மாதிரியே இருக்கக் கூடாது. அது எனக்கு வராத வேலையா? லேபில் தலைக்கு மாட்டும் பூதக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவருடைய சிப்பாயைப் பக்கத்துப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கோடு தோளில் நேராகத் தொடங்கியது. நெஞ்சுக்கு வரும்போது இரண்டு முறை இடது பக்கமாகத் துள்ளியது. இடுப்பில் பெயிண்ட் சின்னத் திட்டாக நின்றது. அடுத்த கோடும் அப்படியே. நேர்கோடு போடுவது சுலபம். நேராக இல்லாத இன்னொருவர் கோட்டை அதேபோலப் போடுவதற்குள் கழுத்து ஒடிந்துவிட்டது. சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து, துள்ளலுக்குத் துள்ளல், திட்டுக்குத் திட்டு, ஒருவர் விடாமல் முடித்தேன். அவருடையவனை நடுவில் நிறுத்திப் பார்த்தபோது எனக்கே எது யாருடையது என்று தெரியவில்லை. பல வருஷமாக லேபில் கிடைக்காத சந்தோஷம் அன்றைக்குக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அவர்களை வரிசையாக நிறுத்தினேன். ஆடிக் காற்று ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தது.

"பிரைமர்னுதானே சொன்னீங்க?" என்றார்.

"மன்னிச்சுக்குங்க. ஆரம்பிச்சேன், விட மனசு வரலீங்க."

கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் இடது கையால் ஒருவனை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு இன்னொருவனை எடுத்தார். பிறகு இன்னொருவனை.

"கோடு ஏனுங்க இப்பிடி நெளியுது?"

"நீங்க போடறது அப்பிடித்தானுங்களே" என்றேன். பெருமையாகவே சொன்னேன். "இங்க பாருங்க, நெஞ்சுகிட்ட வாரப்ப ரெண்டு துள்ளல். எல்லாருக்கும் அதே இடத்துல. அப்பிடியே உங்க கைங்க."

அவர் சிப்பாயை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அவ்வளவு நல்லாத் தெரியுதுங்களா வெளிய?"

சொல்லிவிட்டு, மேஜைக்குக் கீழே இருந்த வலது கையை எடுத்துப் பச்சைத் துணிமேல் வைத்தார். கட்டைவிரலும் பக்கத்து விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடிக்கொண்டிருந்தன. இடது கையால் அழுத்திப் பிடித்தார். விட்டதும் மறுபடி ஆடியது.

அடுத்தவர் பல்லில் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் கை தெரியவில்லை. தெரியாமலே அந்த நடுக்கத்தை அளந்து, அச்சு அசலாக எடுத்து, வரிசையாக நிறுத்தி, அவருக்கே காட்டிப் பெருமையடித்துக்கொண்டும் இருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனேனுங்க, தனியா. மாத்திரை குடுத்திருக்காங்க. இந்த நடுக்கம் போகாதாமாங்க. மெதுவாத்தான் ஏறுமாமா."

"ஊட்ல தெரியுமுங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "தூக்கமில்லைன்னேன், கழுத்து புடிச்சுகிச்சுன்னேன். காயில் கட்டறதை ஆளுங்ககிட்ட உட்டுப்போட்டேன். கீபோர்டையும் உட்டுப்போட்டேன். உங்ககிட்ட கண்ணு தெரியலைன்னேன். சண்டை சலிக்கலீங்க. இந்தக் கையை ஒளிச்சு ஒளிச்சு வெக்கறதுதான் சலிச்சுப்போச்சு."

பின்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் மனைவி டீயோடு வந்துகொண்டிருந்தார். ஆடும் அந்த வலது கை பழக்கதோஷத்தில் மேஜை விளிம்புவரை போனது. அங்கேயே நின்றது. பிறகு திரும்பி வந்து, வரிசையிலிருந்து ஒரு சிப்பாயைப் பிடித்துத் தூக்கியது. இரண்டு பேர் சரிந்து விழுந்தார்கள்.

"அம்மணி, இதை யாரு பெயிண்ட் பண்ணுனதுன்னு சொல்லு பாக்கலாம்."

அந்த அம்மா டீத் தட்டை மேஜையில் வைத்தபடி வரிசையை ஒரு பார்வை பார்த்தார். "இதென்னங்க கேள்வி? நீங்கதான். இப்பெல்லாம் வேற யாரு இப்பிடிக் கோணக்கமாணக்கன்னு போடுவாங்க?"

"பாஸாயிட்டீங்க" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"குடுங்க, கிட்டப் பாக்கறேன்" என்று அவர் மனைவி கையை நீட்டினார். நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. சிப்பாயின் துப்பாக்கி முனை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சிப்பாயைப் பார்க்கவில்லை. புருஷனின் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"உக்காரு அம்மணி. ஒண்ணு சொல்லோணும்."

இது நான் இருக்க வேண்டிய இடமில்லை என்று எழுந்தேன். ஷட்டர் பக்கம் போய்ச் செருப்பைக் காலால் தேடினேன்.

"நீங்க எங்கீங்க போறீங்க?" என்றார் அவர். "இருங்க. தனியாச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெம்பில்லீங்க."

மேஜைக்கு எதிர்ப்பக்கம் கிடந்த என் நாற்காலியை இழுத்து, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.