செங்கமலத்தின் வலக்கை

என் அக்கா செங்கமலத்தின் நோய் ஒரு வெள்ளிக்கிழமை, சுயம்வரக் காட்சியில் வெளிப்பட்டது. பினாங்கு ரோட்டு நாடகக் கொட்டகையில் மாலையை உயர்த்திய அவளது வலக்கை மணிக்கட்டில் மடிந்து தொங்கியது. மாலை விழுந்தது. முன்வரிசை சிரித்தது.

என் நாட்குறிப்பைப் புரட்டினால், அதற்கு இரண்டு மாதம் முன்பே அக்காவுக்கு வயிற்றுவலி என்று மூன்று இடங்களில் இருக்கிறது. இதே தொழிலில் இருப்பவர்கள் அந்த வலியை அலட்சியம் செய்ய வேண்டாம்.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவள் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். ஈறோரம் நீலக்கோடு.

"முகத்துக்கு என்னம்மா பூசுறீங்க?"

"முத்துவெள்ளைப் பொடி, டாக்டர். பதினாலு வயசுலேருந்து."

"தூரிகைய வாயில வைப்பீங்களா?"

வைப்பாள். எச்சில் தொட்டு வைத்தால்தான் புருவத்தின்மேல் வெண்புள்ளி வியர்வையில் கலையாது என்பது நாடகக் கம்பெனிப் பழக்கம். பொடியை வாங்கித் தந்தவன் நான்.

ஈய நஞ்சு (பொடியிலுள்ள ஈயம் உடலில் சேர்ந்து நரம்பைக் கெடுப்பது) என்றார். பொடியை விட்டால் சில மாதங்களில் கை திரும்பும். விடாவிட்டால் மற்ற கையும் போகும்.

அதற்குள் கம்பெனி முதலாளி அவளிடமிருந்து ராணி வேடத்தைப் பறித்து, கை விளங்காத பிச்சைக்காரியாக மேடையேற்றினார். கூட்டம் நெரிந்தது. பேசும்படத்துக்கு ஆள் தேடிச் சென்னையிலிருந்து வந்தவருக்கும் அந்தக் கைதான் பிடித்தது. படத்தில் அதே வேடம். ஆறு மாதம் கழித்துக் கப்பலேற வேண்டும்.

"கை சரியாயிட்டா உன்னை யாரும்மா கூப்பிடுவா? பொடிய விடாத. கொஞ்ச நாள்தான்லா," என்றார் முதலாளி.

அக்கா தலையாட்டினாள். மறுநாள் டப்பாவைச் சாக்கடையில் கொட்டினேன்.

"பொடியையாடா கொட்டுன? என் படத்தக் கொட்டிட்ட."

வேறு பொடி வாங்க நான் விடவில்லை. தினமும் காலையில் கையை நீட்டச் சொல்லி எண்ணி, நாட்குறிப்பில் எழுதுவேன். முதல் வாரம் இரண்டு எண்ணுவதற்குள் விழுந்தது. ஐந்தாம் மாதம் அறுபது வரை நின்றது.

"எழுதிக்க தம்பி. நல்லா எழுதிக்க," என்றாள்.

சென்னைக்காரர் வந்து நிமிர்ந்த கையைப் பார்த்தார். காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்.

படம் பினாங்குக்கு வந்தபோது போனோம். வேறொருத்தி கையைத் தொங்கவிட்டு நடித்தாள். கொட்டகையே அழுதது.

"பாரு, அவளுக்குக் கட்டைவிரல் மடங்கவே இல்ல," என்று அக்கா இருட்டில் தன் கையை மடித்துக் காட்டினாள். கச்சிதமாக இருந்தது.

முழுக் குணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என்னிடம் இருக்கிறது. குணமான நாளிலிருந்து நான் நாட்களை எண்ணிக்கொண்டு வருகிறேன். அக்கா இடக்கையால் சாப்பிடுகிறாள், இடக்கையால் தலை வாருகிறாள். வலக்கையை மடியோரம் தொங்கவிட்டே வைத்திருக்கிறாள், யாராவது கூப்பிடுவார்கள் என்று.