அவள் போடாத கையொப்பம்

துபாயில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் சம்பளப் பிரிவில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஆசிரியர்களின் வங்கிக் கணக்கு இலக்கங்களைச் சரிபார்த்து, மாதக் கடைசியில் பட்டியலை வங்கிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் அந்த வேலையை நான் கேவலமாகச் செய்தேன். நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. முதலில் என் மேல்தான்.

மூன்றாம் மாடியில் கணிதம் படிப்பிக்கும் அரபு ஆசிரியை ஒருத்தி இருந்தாள். என் வயது, இரண்டு பிள்ளைகள். அவளுடைய கணவன் ஒருநாள் காலை பத்து மணிபோல என் யன்னலுக்கு வந்தான். மடிப்புக் குலையாத வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். அன்றைக்கு மனதுக்குள்ளும் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது 'அவன்' என்றே வருகிறது.

"சிஸ்டர், மனைவிக்கு வகுப்பு இருக்கிறது. இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு கடிதத்தை நீட்டினான். இந்த மாதத்திலிருந்து சம்பளத்தை வேறு கணக்கில் போடும்படி எழுதியிருந்தது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கணக்கு. கீழே அவள் கையொப்பம்.

அந்தக் கையொப்பம் வேறு மாதிரி இருந்தது. அவள் தன் பெயரின் கடைசி எழுத்தை நன்றாக இழுத்து வளைத்து விடுவாள். இதில் அது பாதியில் நின்றது. என் கண்ணில் அது பட்டது, அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. மேசையில் தொலைபேசி இருந்தது. மூன்றாம் மாடிக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். மரியாதையாகப் பேசுகிற மனிதர், புருஷன்தானே என்று விட்டுவிட்டேன். 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தி, பக்கத்தில் என் ஒப்பத்தையும் போட்டேன்.

சம்பள நாளன்று இடைவேளை மணி அடித்த கையோடு அவள் இறங்கி வந்தாள்.

"எல்லாருக்கும் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை."

கோப்பைத் திறந்து கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

"இது நான் போட்டதில்லை" என்றாள். "இந்தக் கணக்கு வாடகை கட்டுவதற்கென்று திறந்தது. கார்ட் அவரிடம்தான் இருக்கிறது."

அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஆளில்லாத ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளமும் அவளே விரும்பிக் கொடுத்து வந்தவை. மிச்சத்தில் ஒரு பங்கு நோயாளித் தாய்க்குப் போகும். அவனுக்கு அது போதவில்லை. 'நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் எனக்குச் சேர வேண்டிய நேரம், அதற்குப் பாதிச் சம்பளம் கொடு' என்று கேட்டிருக்கிறான். அவனுக்குப் புது ஜீப் வேண்டுமாம். அவள் மறுத்துவிட்டாள்.

"எங்கள் மார்க்கத்தில் என் உழைப்பு என்னுடையது. என்னிடம் எவ்வளவு இருந்தாலும் எனக்குச் சாப்பாடு போட வேண்டியது அவர்தான். என் அம்மா ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவர். அப்பா ஒருநாளும் அவரிடம் ஒரு காசு கேட்டதில்லை. கலியாண ஒப்பந்தத்திலேயே நான் வேலைக்குப் போவேன், சம்பளம் எனக்கு என்று எழுதுவித்தேன். அதை வாசித்துத்தான் ஒப்பம் வைத்தார். தெரியாமல் செய்யவில்லை."

அவள் அழவில்லை.

எங்கள் பிரிவு மேலாளர் தமிழ்நாட்டுக்காரர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"புருஷன் பொண்டாட்டி விஷயம்மா. நாளைக்கே ஒண்ணாயிடுவாங்க, நாமதான் நடுவுல மாட்டிக்குவோம்" என்றார். பிறகு கடிதத்தைத் திருப்பி விரலால் தட்டிக் காட்டினார். "அதுவும் இந்த முத்திரை யாரு குத்தினது? நீங்க. கோப்புல வெச்சுட்டுப் பேசாம இருங்க."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் அடுத்த நாளுக்கான சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்தாள் சொல்லுறதில என்ன பிழை? குடும்ப விஷயத்துக்குள்ள நீர் ஏன் தலையைக் குடுக்கிறீர்?"

"கள்ளக் கையெழுத்தப்பா."

"கள்ளமோ நல்லதோ, காசு வீட்டுக்குள்ளதானே நிக்குது."

என் சம்பளமும் எங்களுடைய கூட்டுக் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கார்ட் அவருடைய பர்சில். திங்கட்கிழமைகளில் மெட்ரோவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவர் எண்ணித் தருவார். என் விஷயத்தில் ஒருவரும் கள்ளக் கையொப்பம் போடவில்லை. முதல் மாதமே நானே சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் மேலாளரைத் தாண்டிப் பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். ஆசிரியையும் வந்தாள். 'இதைக் கொண்டுவந்தவர் கணவர். ஆசிரியையிடம் நான் கேட்கவில்லை. பிழை என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் பழைய கணக்குக்கே போகும் என்று முடிவானது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

கணக்கை மாற்றிய கிழமையே அவன் திரும்பி வந்தான். யன்னல் கண்ணாடியில் தட்டினான்.

"என் வீட்டுக்குள் கை வைக்க நீ யார்?"

யாரோ மேலே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கையில் மார்க்கர் பேனாவோடு வந்து அவனுக்கும் யன்னலுக்கும் நடுவில் நின்றாள். அரபியில்தான் பேசினாள். எட்டு வருடத்தில் அந்தளவு எனக்கு விளங்கும்.

"அவளை விடுங்கள். என்னைக் கேளுங்கள், நான் இங்கே நிற்கிறேன்."

"அப்படியென்றால் வேலை கலாஸ், முடிந்தது. நாளையிலிருந்து வீட்டில் இரு."

"ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போங்கள். நானும் வருகிறேன். அந்தக் கையொப்பத்தையும் கொண்டுவருகிறேன்."

வரவேற்பில் இருந்த பெற்றோர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் கறுத்தது. திரும்பி வெளியே போனான். அவளும் படியேறி வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு மாதச் சம்பளம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. ஜீப்புக்கு முற்பணமாகக் கட்டியாயிற்று. அவள் இன்னும் அவனோடுதான் இருக்கிறாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இவ்வளவுக்குப் பிறகும் ஏன்?" என்று கேட்டுவிட்டேன்.

சட்டென்று கோபித்தாள். "உன் மனம் ஆறுவதற்காக நான் பிள்ளைகளோடு வெளியே வர வேண்டுமா? என் சம்பளம் என் கையில் இருக்கிறது. உன்னுடையது எங்கே?"

ஒரு மனைவியிடம் இன்னொரு மனைவி கேட்கக் கூடாத கேள்வியென்று எனக்குச் சுட்டது. என் கார்ட் யாரிடம் இருக்கிறது என்று முன்பொருநாள் நானேதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தக் கிழமையே மத்தியான இடைவேளையில் வங்கிக்குப் போய் என் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் திறந்தேன். கணக்கு மாற்றும் கடிதத்தை நானே எழுதினேன். சரிபார்க்க மேலாளரிடம் கொடுத்தபோது அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கணவரிடம் சொன்னேன்.

"என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டார்.

"எட்டு வருசமா நான் உழைச்சதில ஒரு செருப்பு வாங்கவும் உங்களைத்தானே கேட்டனான்."

"நான் ஒருநாளும் இல்லையெண்டு சொல்லேல்லையே!"

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. பதினொரு நாள் அவர் என்னோடு பேசவில்லை. வாடகையில் என் பங்கை நான் கொடுத்தபோது வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது பேசுகிறார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால், "இவ இப்ப தனிக் கணக்குக்காரி" என்று பகிடி விடுவார். எல்லாரும் சிரிப்பார்கள், பெண்களும்தான். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.