இடி இடித்தால் கழற்றும் ப்ளக்

ரத்தோட்டை மலையூரில் கெத்தரின் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாமியார் மரியாயிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "டீவி மாதிரி ஒன்னுக்கு முன்னால குந்திக்கிட்டிருப்பா" என்பாள் கேட்பவர்களிடம்.

கெத்தரின் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனியொன்றுக்கு கிராபிக்ஸ் டிரைவர் வேலை செய்தாள். கணினித் திரையில் படம் வரவைக்கும் மென்பொருள் அது. தான் செய்வதையெல்லாம், பிழை தேட உதவும் டிபக் செய்தியாக எழுதிக்கொண்டே போகும். எதை எழுதவிடுவது, எதை வாயடைப்பது என்பது அவள் பொறுப்பு. அதில் ஒரு வில்லங்கம். செய்திகள் ஓடினால் டிரைவர் மெதுவாக, ஆனால் ஒழுங்காக நடந்தது. நிறுத்தினால் எப்போதாவது திரை கறுத்துப்போனது.

"எல்லாத்தையும் நிறுத்திட்டு ரிலீஸ் பண்ணுங்க" என்றான் மேலாளர் கிஷாந்த். "இங்க யாருக்கும் கறுக்கல்ல. ஒங்க மலைப்பக்கம் மட்டும் இருட்டுதோ?" மற்றவர்கள் சிரித்தது ஹெட்போனில் கேட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் வேலை நிரந்தரமில்லை என்றும் சொன்னான்.

அவள் செய்திகளை எங்கேயும் எழுதவிடாமல் கணினியின் நினைவகத்திலேயே சேரவைத்தாள். வேகம் குறையாது. கரண்ட் மட்டும் போகக்கூடாது; போனால் சேர்ந்ததெல்லாம் அழிந்துவிடும்.

வெள்ளி மத்தியானம் திரை கறுத்தது. ஆதாரம் சிக்கிவிட்டதென்று கெத்தரின் கைதட்டியேவிட்டாள். கேபிளை மாட்டி, செய்திகளை மடிக்கணினிக்கு நகலெடுக்கவிட்டாள். ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் வானம் உறுமியது.

"துணி நனையுதுடி! கைதட்டுறா, சின்னப்புள்ள."

"எடுக்கிறேன் மாமி. பொட்டியத் தொட்டுறாதீங்க, ஒங்களக் கும்பிடுறேன்."

துணியோடு திரும்பியபோது ப்ளக் தரையில் கிடந்தது. நகலில் தொடக்கம் மட்டும் இருந்தது; திரை கறுத்த இடம் வந்துசேரவில்லை. அடுத்த அறையில் டீவி அலறிக்கொண்டிருந்தது.

"இடி இடிக்குதுல்ல, கழட்டிட்டேன்."

"அப்ப டீவி?"

"அதுல படம் ஓடுதே. ஒன்னோடது செத்துத்தானே கெடந்துச்சு."

பின்னேரம் கிஷாந்த் கேட்டான். "ஆதாரம்?"

"இருந்துச்சு சேர். மாமி கழட்டிட்டாங்க."

"மாமியவே வேலைக்கு எடுத்திருக்கலாம். ஒரே இழுவையில எல்லாச் செய்தியையும் நிறுத்திட்டாங்களே!"

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அன்றைக்கே அவன் செய்திகளை நிறுத்தி ரிலீஸ் பண்ணினான். அடுத்த மாதமே, அதை வாங்கியவர்களின் திரைகள் கறுத்தன. குற்றம் சுமத்த, அதற்குள் வேலை போயிருந்த கெத்தரினின் பெயர்தான் வசதியாக இருந்தது.

இப்போது வானம் உறுமினால் மரியாயி எழும்புவதில்லை.

"கெத்தரின், ப்ளக்கு!"

அவள் பிரிட்ஜைக் கழற்றுவாள், அயன் பொக்ஸைக் கழற்றுவாள். பிறகு டீவியின் பக்கத்தில் வந்து நிற்பாள். மாமி பார்க்கும் படத்தில் விளம்பரம் போடும்வரை நிற்க வேண்டும்.